சராசரியாகப் பதினாறு டிகிரி

மாவட்டக் கல்வித்துறை அக்டோபரில் அனுப்பிய சுற்றறிக்கைக்கு "உயிருள்ள கணிதம்" என்று தலைப்பு. ஏழாம் வகுப்பில் விகிதத்தையும் சராசரியையும் இனிமேல் புத்தகத்து ரயில்களையும் ஆப்பிள்களையும் வைத்துக் கற்பிக்கக் கூடாது. மாணவர்கள் தங்கள் சொந்த வாழ்க்கையிலிருந்து தகவல் திரட்டி, தாங்களே கணக்கிட்டு, தாங்களே முடிவுக்கு வர வேண்டும் என்று அது சொன்னது. மாணவர்கள் தாங்களே வரவேண்டிய முடிவுகள் பின்னிணைப்பில் தரப்பட்டிருந்தன.

நாரின் மலைப்பக்கத்து அக்-சோகு கிராமப் பள்ளியின் கணித ஆசிரியை ஜூரா சுற்றறிக்கையைப் படித்தாள். பின்னிணைப்பைப் படிக்கவில்லை. பின்னால் நடந்தவற்றுக்கெல்லாம் இதுவே காரணம் என்று துறை இன்றுவரை கருதுகிறது.

முதலில் ஆடுகளை எண்ணலாம் என்று தாலந்த் என்ற பையன் யோசனை சொன்னான். மறுநாள் காலையிலேயே பெற்றோர்கள் வாசலில் வந்து நின்றார்கள். ஆட்டுக் கணக்கு கேட்கிறவன் வரி போடத்தான் கேட்கிறான் என்பது அவர்கள் நாலு தலைமுறையாக அறிந்த விஷயம். எனவே யாரும் ஒளித்துவைக்காத ஒரு பொருளைத் தேட வேண்டியதாயிற்று. அந்த ஊரில் அப்படி இருந்தது குளிர் ஒன்றுதான்.

பள்ளியின் தெற்கு முனையில் பாய்லர். அங்கிருந்து புறப்படும் வெந்நீர்க் குழாய் முதலில் தலைமையாசிரியர் அறைக்குள் போகும், அடுத்து ஆசிரியர் அறை, அடுத்து அருங்காட்சி அறை, அதற்குப் பிறகு வரிசையாக ஆறு வகுப்பறைகள். வடக்கு மூலையில் இருக்கும் ஏழாம் வகுப்பை அடையும்போது அது பெயரளவுக்குத்தான் வெந்நீர்க் குழாய். முந்தைய குளிர்காலத்தில் அந்த வகுப்பின் பெகிமாய் நிமோனியா வந்து ஒரு மாதம் மாவட்ட மருத்துவமனையில் கிடந்தாள். வகுப்பிலேயே கணக்கு நன்றாக வருகிற பெண். திரும்பி வந்தபோது குரல் பாதியாகியிருந்தது. இரண்டாவது பாய்லர் கேட்டுப் பள்ளி நான்கு வருடமாக விண்ணப்பித்துக்கொண்டிருந்தது. ஒவ்வொரு வருடமும் துறை ஒரே பதிலை அனுப்பியது: போதிய புள்ளிவிவரம் இல்லை.

இப்போது புள்ளிவிவரம் எடுக்கச் சொல்லித் துறையே எழுதியிருந்தது. ஜூராவுக்கு இரவில் தூக்கம் வரவில்லை, அத்தனை சந்தோஷம்.

பிள்ளைகள் வீட்டிலிருந்து தெர்மாமீட்டர் கொண்டுவந்தார்கள். தாலந்த் கொண்டுவந்தது காய்ச்சல் பார்க்கிற தெர்மாமீட்டர்.

"எல்லா ரூமும் முப்பத்தஞ்சுலயே நிக்குது அக்கா," என்றான்.

"அது மனுஷனுக்குப் பாக்கறதுடா."

"அப்ப ஸ்கூலுக்குக் காய்ச்சல் இல்ல. நல்லாத்தான் இருக்கு."

"செத்துப்போனவன் வாயில வச்சாலும் அது அப்பிடித்தான் காட்டும்," என்றாள் பெகிமாய். அவள் அம்மா தக்காளி வளர்க்கும் கண்ணாடிக்குடிலிலிருந்து ஒரு தெர்மாமீட்டரைக் கழற்றிக்கொண்டு வந்திருந்தாள். அதை வைத்தே எல்லா அறைகளையும் அளந்தார்கள். பத்து நாள், காலையில் ஒரு முறை, மதியம் ஒரு முறை.

தலைமையாசிரியர் அறை, ஜன்னல் திறந்திருந்தும், முப்பத்தொன்று. ஆசிரியர் அறை இருபத்தெட்டு. அருங்காட்சி அறை இருபத்தைந்து. அதில் பஞ்சடைத்த ஓநாய் ஒன்றும், பழைய சேணமும், முன்னாள் தலைமையாசிரியர்களின் படங்களும் கதகதப்பாக இருந்தன. வகுப்பறைகள் முறையே பன்னிரண்டு, பதினொன்று, பத்து, ஒன்பது, ஒன்பது, ஒன்பது.

கரும்பலகையில் கூட்டினார்கள். நூற்று நாற்பத்து நான்கு. ஒன்பது அறைகள். வகுத்தால் பதினாறு. விதிப்படி ஒரு பள்ளியில் இருக்க வேண்டிய வெப்பமும் பதினாறுதான். நடைவழியில் சுகாதாரச் சுவரொட்டியிலேயே போட்டிருந்தது.

"அக்கா," என்றான் தாலந்த், மேல்கோட்டுக் காலருக்குள்ளிருந்து. "அப்ப நமக்குக் குளிரலியா?"

வகுப்பு சிரித்தது. ஜூரா அந்தச் சிரிப்பைப் பிடித்துக்கொண்டாள். மூன்று சூடான அறைகள் சேர்ந்து எப்படி ஆறு குளிர்ந்த அறைகளின் கணக்கை மேலே இழுக்கின்றன என்று காட்டினாள். எண்களை வரிசையாக நிற்கவைத்து நட்ட நடுவில் நிற்பதைப் பார்க்கச் சொன்னாள். பதினொன்று. அது இடைநிலை. அடிக்கடி வருவதைப் பார்க்கச் சொன்னாள். ஒன்பது. அது முகடு. குளிரில் இருக்கும் பிள்ளைகள் நூற்று நாற்பது பேர், சூட்டில் இருக்கும் பெரியவர்கள் ஏழு பேர். விகிதம் இருபதுக்கு ஒன்று. வெளியே மணி அடித்த பிறகும் யாரும் எழுந்திருக்கவில்லை. அவள் வேலைக்கு வந்த பிறகு அப்படி ஒரு வகுப்பு அமைந்ததில்லை.

தலைமையாசிரியர் தஷ்தன்பெக்கிடம் கணக்கைக் கொண்டுபோனாள். அவர் சட்டையின் மேல் பட்டனைக் கழற்றிவிட்டுச் செய்தித்தாளால் விசிறிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, டிசம்பர்ல ஆய்வுக்குழு வருது. மாதிரிப் பாடமா இதையே நடத்துறேன். ஆனா சராசரிய மட்டும் பாத்தாங்கன்னா மோசம் போயிருவோம். இடைநிலையப் பத்தி நீங்க ஒரு வார்த்த அழுத்திச் சொல்லணும்."

"சொல்லாம? நான் எதுக்கு இருக்கேன்?"

"உங்க ரூம் முப்பத்தொண்ணுன்னு வருது. அதான் யோசனையா..."

"அப்பிடியே போடு தங்கச்சி. உண்மைய மறைக்கறவனா நானு? பிள்ளைங்க அங்க நடுங்குது, நான் இங்க வேர்த்து ஊத்தறேன். எனக்கு மட்டும் இது சுகமாவா இருக்கு?" என்று சொல்லி நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

ஜூராவின் கண் கலங்கியது. அந்த வாரம் ஆசிரியர் அறையில் யார் அவரைக் குறைசொன்னாலும் அவள் சண்டைக்குப் போனாள். பாய்லர் வரப்போகிறது என்ற பேச்சு ஊருக்குள் பரவியது. ஏழாம் வகுப்புப் பெற்றோர்கள் சேர்ந்து ஆய்வுக்குழுவுக்காக ஒரு கொழுத்த ஆட்டை ஒதுக்கிவைத்தார்கள். ஆட்டை மட்டும், எத்தனை ஆட்டிலிருந்து ஒதுக்கினார்கள் என்பதை அப்போதும் சொல்லவில்லை.

ஆய்வுக்குழு வந்தது. தலைவர் எகெம்பெர்தி உயரமான வெள்ளைக் கம்பளித் தொப்பி வைத்த பெரிய மனிதர். தலைமையாசிரியர் அறையில் உட்கார்ந்து, தேநீர் குடித்து, பாடத்திட்டத்தைப் புரட்டினார்.

"இடைநிலைன்னு போட்டிருக்கியே அம்மாடி, அது என்னது?"

"எல்லாத்தையும் வரிசையா நிறுத்துனா நடுவுல இருக்கறது, ஐயா."

"நடுவுல யாரு நியமிச்சா?"

"யாரும் நியமிக்கல. அதுவா அமையறதுதான்."

"அங்கதான் இடிக்குது. சராசரின்னா அதுல ஒரு உழைப்பு இருக்கு. எல்லாரும் கொண்டாந்து போடுறாங்க, கூட்டுறோம், பங்கு போடுறோம். இது என்னடான்னா சும்மா நடுவுல நின்னதுக்கே பேரு வாங்கிட்டுப் போவுது. பிள்ளைங்க மனசுல என்ன பதியும்?" அடுத்த பக்கத்தைப் புரட்டினார். "இதென்ன, நூத்தி நாப்பதுக்கு ஏழு? பெரியவங்களப் பின்னால எழுதற பழக்கம் நம்ம ஊர்ல எப்பலருந்து?"

"விகிதம் ஐயா. எதுக்கு எதுன்னு..."

"எதுக்கு எதுவா வேணா இருக்கட்டும். வீட்டுக்கு விருந்தாளி வந்தா யாருக்கு மொதல்ல கறி வைப்ப? மாத்தி எழுது. ஏழுக்கு நூத்தி நாப்பது. சுருக்கு. ஒண்ணுக்கு இருபது. ஒருத்தர் இருபது பேரத் தாங்கறாரு. இப்பப் பாரு, படிக்கறப்பவே மரியாதையா இருக்குல்ல?"

தஷ்தன்பெக் ஆமாம் என்று தலையாட்டினார். ஜூரா அதை விருந்தோம்பல் என்று எடுத்துக்கொண்டாள்.

பிறகு, ஏழாம் வகுப்பின் வாசல்வரை நடந்துபோன குழு, உள்ளே எட்டிப்பார்த்துவிட்டு, விருந்தினர்களின் உடல்நலம் கருதிப் பாடத்தை அருங்காட்சி அறைக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று முடிவெடுத்தது. பிள்ளைகள் மேல்கோட்டுகளைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு ஓநாயைச் சுற்றி உட்கார்ந்தார்கள். அந்தக் குளிர்காலத்தில் அவர்கள் பள்ளிக்குள் கோட்டைக் கழற்றியது அதுவே முதல் தடவை. ஐந்தே நிமிடத்தில் எல்லார் கன்னமும் சிவந்துவிட்டது. "பிள்ளைங்க முகத்துல எவ்வளவு களை பாருங்க," என்று எகெம்பெர்தி குழுவிடம் சொன்னார். குழுச் செயலாளர் குறித்துக்கொண்டார். தாலந்த் சேணத்தில் சாய்ந்து தூங்கிப்போனான்.

பெகிமாய் எழுந்து கரும்பலகை அருகே போனாள். பாதிக் குரலில், ஒரு எண்கூடத் தடுமாறாமல் ஒன்பது அறைகளையும் சொன்னாள். கூட்டினாள். வகுத்தாள்.

"சராசரி பதினாறு வருது. ஆனா இந்த ஸ்கூல்ல பதினாறு டிகிரில ஒரு ரூமும் இல்ல. யாராவது அதக் காட்டுனா நாங்க போயி அதுலயே உக்காந்துக்குறோம்."

குழுவில் ஒருவர் சிரித்துவிட்டு, தலைவரைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"நடு ரூம் பதினொண்ணு. அதிகமா வர்றது ஒம்போது. அதுல ஒண்ணு எங்களது. அதனால சராசரிய மட்டும் வச்சுப் பாக்கக் கூடாது," என்று முடித்தாள். இருமல் வந்தது, வாயைப் பொத்திக்கொண்டாள்.

இதுதான் தஷ்தன்பெக் பேச வேண்டிய இடம். ஜூரா அவரைப் பார்த்தாள். அவர் ஓநாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் அவர் தொண்டையைச் செருமினார்.

"பிள்ளைங்க நல்லாக் கூட்டியிருக்காங்க," என்றார்.

அவ்வளவுதான். ஜூரா அவர் மறுபடி வாயைத் திறப்பார் என்று காத்திருந்தாள். அதற்குள் எகெம்பெர்தி எழுந்துவிட்டார்.

"நாலு வருஷமா இந்தப் பள்ளிக்கூடம் எங்களுக்குக் குளிருதுன்னு எழுதிக்கிட்டே இருந்துச்சு. குளிருதுங்கறது உணர்ச்சி. உணர்ச்சிக்குத் துறைல நிதி ஒதுக்க முடியாது. புள்ளிவிவரம் குடுங்கன்னு கேட்டோம். நாங்க கேக்கும்போதெல்லாம் எங்கள ஈரமில்லாதவங்கன்னு சொன்னீங்க. இன்னைக்கு உங்க பிள்ளைங்களே உணர்ச்சியத் தள்ளிவச்சுட்டுக் கணக்குப் போட்டிருக்காங்க. என்ன வந்திருக்கு? பதினாறு. விதி என்ன சொல்லுது? பதினாறு. பதினஞ்சரை இல்ல, பதினாறே கால் இல்ல. ஒரு டிகிரிகூட வீணாப் போகல. நான் இருபத்தெட்டு வருஷமா இந்தத் துறைல இருக்கேன், விதிய இவ்வளவு துல்லியமாத் தொட்ட பள்ளிக்கூடத்த நான் பாத்ததில்ல. வடக்குப் பக்கம் கொஞ்சம் கம்மியாத்தான் இருக்கும். நானும் வடக்குப் பக்கம் உக்காந்து படிச்சவன்தான். இப்ப எங்க உக்காந்திருக்கேன்னு பாருங்க."

ஜூரா எழுந்தாள். "ஐயா, சராசரி அப்பிடி..." என்று தொடங்கினாள்.

அதற்குள் எகெம்பெர்தி இரண்டு உள்ளங்கைகளையும் முகத்துக்கு நேரே விரித்துவிட்டார். ஆசி வழங்கப்போகிறார்.

பெரியவர் ஒருவர் கை விரித்தால் அந்த அறையில் உள்ள எல்லாருடைய கைகளும் விரிய வேண்டும். இதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுப்பதில்லை. பேச்சு வராத குழந்தையின் கையும் விரியும். தூங்கிக்கொண்டிருந்த தாலந்தின் கைகள் அவன் விழிப்பதற்கு முன்பே மேலே போயின. ஜூராவின் கைகளும் போயின. வாயில் பாதி வாக்கியம் அப்படியே நின்றது.

"இந்தப் பிள்ளைங்க நோய்நொடி இல்லாம நூறு வயசு வாழட்டும்," என்று எகெம்பெர்தி தொடங்கினார். "மந்திரிங்களா வரட்டும், மருத்துவருங்களா வரட்டும். உங்க மந்தை பெருகட்டும், மலையில புல்லு செழிக்கட்டும். நாட்டுல அமைதி நிலைக்கட்டும். விதிய எட்டிப்புடிச்ச இந்தப் பள்ளிக்கூடத்துக்கு இனி இரண்டாவது பாய்லர் தேவைப்படாமப் போகட்டும். அந்த விண்ணப்பம் எல்லார் மனசும் குளிர இன்னையோட முடியட்டும். வீட்டுல சிரிப்பும் சட்டியில கறியும் நெறஞ்சிருக்கட்டும். ஓமின்."

ஆசியில் பாய்லர் என்ற சொல் வந்தபோது ஜூராவின் கைகள் காற்றில் இருந்தன. ஆசியின் நடுவில் கையைக் கீழே போட்டவர் என்று அந்த மலைப்பக்கத்தில் யாரைப் பற்றியும் கேள்விப்பட்டதில்லை. பிள்ளைகளின் ஆயுளும் பாய்லரும் ஒரே மூச்சில் வந்துவிட்டன; ஒன்றை வேண்டாம் என்றால் இன்னொன்றும் போய்விடும். அவள் உள்ளங்கைகள், ஆசி முடிந்ததும் செய்யும் வழக்கப்படி, தாமாக முகத்தை வழித்துக்கொண்டு இறங்கின. "ஓமின்," அப்படியே ஆகட்டும், என்று தன் குரலே சொல்வதை அவள் கேட்டாள். பிள்ளைகளும் அவளைப் பார்த்தபடியே முகத்தை வழித்துக்கொண்டார்கள்.

செயலாளரின் பதிவில் அன்றைய முடிவு இவ்வாறு இருக்கிறது: "விண்ணப்பம் திரும்பப் பெறப்பட்டது. கணித ஆசிரியை, மாணவர்கள் உட்பட அனைவரும் ஏற்றனர். வழக்கமாக ஒரு கை போதும். இப்பள்ளியினர் இரு கைகளையும் உயர்த்தினர்."

விருந்து தலைமையாசிரியர் அறையில் நடந்தது. ஆட்டின் இடுப்பெலும்பு எகெம்பெர்திக்கு வைக்கப்பட்டது. அதற்குப் பிறகு தொடை எலும்புகள், தோள், விலா என்று பதவிப்படி இறங்கியது. வயதில் இளையவளான ஜூராவுக்குக் கழுத்துப் பக்கத்துத் துண்டு ஏதாவது வந்திருக்க வேண்டும். தஷ்தன்பெக் தம் கையாலேயே ஒரு முழுத் தொடை எலும்பைக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தார். சுற்றியிருந்தவர்கள் அவளைப் புதிய மரியாதையோடு பார்த்தார்கள். வைத்த பங்கை மறுப்பது வைத்தவரை அறைவதற்குச் சமம்.

"ஏன் அண்ணே இப்பிடிப் பண்ணீங்க?" என்று அவள் தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"என்ன பண்ணேன்? இந்தத் துண்டு குழுவோட துணைத்தலைவருக்குப் போக வேண்டியது. உனக்கு வச்சிருக்கேன்."

"இடைநிலையப் பத்திச் சொல்றேன்னு சொன்னீங்க."

"சொல்லலாம்னுதான் இருந்தேன். வாய்க்கு வந்துருச்சு. அப்பறம் நெனச்சுப் பாத்தேன்." அவர் இன்னும் நெருங்கி உட்கார்ந்தார். சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. "நீயே சொல்லு தங்கச்சி, ரெண்டாவது பாய்லர் வந்தா குழாயப் பிரிப்பாங்க. பிரிச்சா இந்த ரூமுக்கு என்ன கெடைக்கும்? பதினாறு. இவரு மாதிரிப் பெரிய மனுஷங்கள பதினாறுல உக்கார வச்சு நான் எப்பிடி பாய்லர் கேப்பேன்?"

ஜூரா அவர் கேலி செய்கிறாரோ என்று முகத்தைப் பார்த்தாள். அவர் மனப்பூர்வமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அவளுக்கு அதுதான் தாங்கவில்லை. பொய் சொல்லியிருந்தால் வெறுத்துவிட்டுப் போயிருக்கலாம்.

கிளம்பும்போது வழக்கப்படி எல்லாருக்கும் மிச்சக் கறியைப் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொடுத்தார்கள். வாசலில் ஏழாம் வகுப்புப் பெற்றோர்கள் சிலர் நின்றிருந்தார்கள். அவர்கள் அவள் முகத்தைப் பார்க்காமல் பையைப் பார்த்தார்கள். பை கனமாக இருந்தது.

"பாய்லரு?" என்றாள் பெகிமாயின் அம்மா.

ஜூரா பதில் சொல்வதற்குள் அவளே, "சரி, சரி, வழுக்கும், பாத்துப் போ," என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள்.

துறை சும்மா இருக்கவில்லை. அக்-சோகு முறை என்ற பெயரில் அடுத்த சுற்றறிக்கை தயாராயிற்று. மாவட்டத்தின் எல்லாப் பள்ளிகளும் ஒவ்வோர் அறையையும் சூடாக்க முயன்று நிலக்கரியை வீணடிக்காமல், ஏதேனும் இரண்டு மூன்று அறைகளைச் சிறப்பாகச் சூடாக்கி, மாணவர்களைக் கொண்டே சராசரி எடுத்து அனுப்ப வேண்டும். ஆள் உட்காராத அறைகளாக இருந்தால் கதவு திறந்து மூடாது என்பதால் பலன் கூடுதலாகக் கிடைக்கும். அருங்காட்சி அறை இல்லாத பள்ளிகள் அவசரமாக ஒன்றை அமைத்தன. ஓநாய் கிடைக்காதவர்கள் நரியை வைத்தார்கள். முறையை விளக்கும் பொறுப்பு கணித ஆசிரியை ஜூராவுக்கு வழங்கப்பட்டது. கூடவே ஒரு பாராட்டுச் சான்றிதழும்.

இவையெல்லாம் வர இரண்டு வாரம் ஆயிற்று. விருந்துக்கு மறுநாளே அவள் ஏழாம் வகுப்புக்குப் போக வேண்டியிருந்தது.

வழியெல்லாம் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே போனாள். கை தானாகத்தான் போனது, நான் சம்மதிக்கவில்லை என்று சொல்லலாம். உங்கள் கைகளும் தானாகத்தானே போயின என்று கேட்கலாம். வகுப்புக்குள் நுழைந்தபோது எல்லாரும் மேல்கோட்டோடு, கைகளைச் சட்டைக்கைகளுக்குள் இழுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். எழுந்து வணக்கம் சொன்னார்கள். உட்கார்ந்தார்கள். அவள் சொல்ல நினைத்தது எதையும் சொல்லவில்லை. பலகையில் விகிதக் கணக்கு ஒன்றை எழுதினாள். மூன்று கிலோ மாவுக்கு இரண்டு லிட்டர் பால் என்றால் ஒன்பது கிலோவுக்கு எவ்வளவு?

ஐந்தாம் வகுப்புப் பிள்ளையே சொல்லிவிடும். யாரும் கை தூக்கவில்லை.

"தெரியலையா?"

"தெரியும் அக்கா. ஆறு லிட்டர்," என்றாள் பெகிமாய்.

"அப்பறம் ஏன் யாருமே கை தூக்கல?"

பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"தூக்குனா எழுதிக்கிறாங்க அக்கா," என்றான் தாலந்த். அவன் வேடிக்கையாகச் சொல்லவில்லை.

"நேத்து நீங்க தூக்குனதப் பாத்துத்தான் நாங்களும் தூக்குனோம்," என்றாள் பெகிமாய். "நீங்க தூக்குனா அது சரியாத்தான் இருக்கும்னு நெனச்சோம். இனிமே கேளுங்க, வாயால சொல்றோம்."

ஜூரா சாக்பீஸைக் கீழே வைத்தாள். விரல்கள் மரத்துப்போயிருந்தன. ஆசிரியைக்கு இருக்க வேண்டிய நிதானம் அவளிடம் அப்போது இல்லை. பல வருடப் பழக்கம்தான் இருந்தது.

"என்மேல கோவம் இல்லாதவங்க கை தூக்குங்க," என்றாள்.

கேட்ட பிறகுதான் என்ன கேட்டோம் என்பது அவளுக்கு உறைத்தது. வரிசை வரிசையாகப் பார்த்தாள். வாயிலிருந்து வெள்ளையாக ஆவி வந்துகொண்டிருந்தது. சட்டைக்கைகள் ஒன்றும் அசையவில்லை. அது கோபமா, எச்சரிக்கையா, வெறும் குளிரா என்று தெரிந்துகொள்ள அவளுக்குத் தெரிந்த கணக்கில் வழி இருக்கவில்லை.